மைனரின் வரவும் தகப்பனின் கடனும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இன்ஸ்பெக்டர்கள் பிறருடைய பிழைகளைக் குறித்து எழுதியே பழகியவர்கள். தம்முடைய பிழையைக் குறித்து எழுதும் வழக்கம் எங்களிடையே குறைவு. நான் எழுதிய ஒரு வரிக் குறிப்பினால் ஒரு பையனுக்கு ஆடிப் பட்டம் கைவிட்டுப் போன விவரத்தை அங்கத்தினர்களிடம் ஒளிக்காமல் சொல்லி, அதை முன்னிட்டு ஒரு கோரிக்கையையும் வைக்க விரும்புகிறேன்.

திருமங்கலம் தாலூகாவின் மேற்கே, கரிசல் காட்டு ஊர் ஒன்று. அவ்வூர்ச் சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவருடைய மகனுக்கு அப்பொழுது வயது பதினாறு. பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டின் பின்புறம் ஒரு சிறு நிழல்வலைக் குடில் போட்டு, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை வளர்த்துச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு விற்று வந்தான். பள்ளிக்குச் செல்லுமுன் ஒரு முறையும், வந்தபின் ஒரு முறையும் தண்ணீர் தெளிப்பான். தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. அவற்றில் எத்தனை முளைத்தன, எத்தனை அழுகின என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். சங்கங்கள் பல அவ்வளவு ஒழுங்காகக் கையிருப்புப் புத்தகம் எழுதுவதில்லை என்பதை நான் அறிவேன்.

விற்று வந்த பணத்தை அவன் வாரந்தோறும் சங்கத்தில் கொண்டுவந்து கட்டினான். காரியதரிசி நல்ல மனம் படைத்தவர். பையனின் பெயரிலேயே பாஸ் புத்தகம் போட்டு, அவனுடைய கையொப்பத்தையே மாதிரிக் கையொப்பமாக வைத்துக்கொண்டார். நான் பார்வையிடச் சென்ற நாளில் அக்கணக்கில் 11,400 ரூபாய் இருந்தது. “மைனர் கணக்கு, காப்பாளர் கையொப்பம் இல்லை, உடனே சரிசெய்க” என்று பார்வைக் குறிப்பில் எழுதிவிட்டு வந்துவிட்டேன். விதிப்படி அதில் தவறு இல்லை. ஆனால் “சரிசெய்க” என்றால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை.

காரியதரிசி தமக்குத் தெரிந்த வகையில் சரிசெய்தார். பையனின் கணக்கை முடித்து, தொகையைத் தகப்பனாரின் கணக்கிற்கு மாற்றினார். தகப்பனார் பெயரில் நகைக்கடன் வட்டி பாக்கி நின்றது. ஜூன் மாத முடிவில் குமாஸ்தா அத்தொகையை வட்டிக்கு வரவு வைத்து ரசீதும் எழுதிவிட்டார். தகப்பனார் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. “என் பேரில் வந்தாலென்ன, அவன் பேரில் வந்தாலென்ன சார், ஒரே அடுப்புத்தானே” என்றார். பையன் அப்படி நினைக்கவில்லை. விதையும் தட்டும் வாங்க ஆடிக்கு முன்னால் பணம் எடுக்க வந்தவன், கணக்கே இல்லை என்று அறிந்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு என் அலுவலகத்திற்கே வந்து நின்றான். அவன் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, நான் கடனே வாங்கலையே, என் காசு யார் கடனுக்குப் போச்சு?”

நான் படித்த சட்டத்தில் அதற்கு விடை இருந்தது. நான் எழுதிய குறிப்பில் இல்லை.

மைனரைப் பற்றிய நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, வயது வந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதி உடையவர் என்கிறது. அந்த வயது பதினெட்டு என்பது 1875-ஆம் ஆண்டு மேஜர் வயதுச் சட்டத்தின் ஏற்பாடு. ஒப்பந்தம் செய்ய இயலாதவர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராகவும் இயலாது. மைனர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்பதை 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் முடிவு கட்டியது. தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 1895-இல் 20,000 ரூபாய்க்குத் தம் சொத்தை ஒரு லேவாதேவிக்காரரிடம் அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்பது லேவாதேவிக்காரரின் ஏஜெண்டுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அடமானம் செல்லவில்லை. கடன் கொடுப்பவர்கள் அன்று கற்ற பாடத்தை இன்றும் மறக்கவில்லை. பதினெட்டு நிரம்பாதவருக்கு எந்தப் பாங்கும், எந்தச் சங்கமும் கடன் தருவதில்லை. அது நியாயமே என்பது என் கருத்து. பதினாறு வயதில் கடன்காரன் ஆவதற்கு எவருக்கும் வழி திறக்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சட்டத்தின் மறுபக்கத்தை நம்மில் பலர் படிப்பதே இல்லை. மைனரை எதிர்த்து ஒப்பந்தத்தைச் செலுத்த இயலாது என்பதனால், மைனருக்கு வரவேண்டியதும் வராது என்று பொருளாகாது. மைனர் தன் பங்கைப் பணமாகக் கொடுத்து முடித்திருந்தால், எதிராளியின் பொறுப்பை அவன் கேட்டுப் பெறலாம் என்று நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு ஆயமே 1916-இல் ராகவாச்சாரியார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி மைனர் காசோலை எழுதலாம், மேலெழுதிக் கொடுக்கலாம்; அது அவனைத் தவிர மற்றவர்களைக் கட்டுப்படுத்தும். ஒப்பந்தச் சட்டத்தின் 184-ஆவது பிரிவுப்படி அவன் பெரியவர் ஒருவரின் ஏஜெண்டாக இருந்து விற்கலாம், வாங்கலாம். மூன்றாமவருக்கு அந்தப் பெரியவரே பொறுப்பாளி. 1932-ஆம் ஆண்டுக் கூட்டுவாணிகச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி கூட்டாளிகள் அனைவரும் சம்மதித்தால் அவனை இலாபத்தில் பங்குபெறச் சேர்த்துக்கொள்ளலாம். நஷ்டம் வந்தால் தொழிலில் உள்ள அவன் பங்கைத்தான் தொடலாமேயன்றி அவனைத் தொட இயலாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அவ்வாறு சேர்க்கப்பட்டவர் மேஜரான பின்னரோ, தாம் சேர்க்கப்பட்ட செய்தி தமக்குத் தெரிந்த பின்னரோ, எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்திற்குள் கூட்டாளியாக இருக்கிறாரா விலகுகிறாரா என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடாவிட்டால் தாமே கூட்டாளியாகிவிடுவார். அவர் சேர்க்கப்பட்ட நாள் முதலான கடனெல்லாம் தலைமேல் ஏறும். தறி வைத்திருக்கும் குடும்பங்களில் அண்ணன்மார் தம்பியின் பெயரைக் கூட்டுப் பத்திரத்தில் சேர்த்துவிட்டு மறந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். தம்பிக்குப் பதினெட்டு நிரம்பும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைப்பது நலம்.

ஆகச் சட்டம் மைனரைக் கடனிலிருந்துதான் தடுக்கிறது. சம்பாதிப்பதிலிருந்தும், சேமிப்பதிலிருந்தும், ரொக்கத்திற்கு விற்பதிலிருந்தும் தடுக்கவில்லை. தடுப்பு எங்கே இருக்கிறது? கவுண்டரில் இருக்கிறது. “மைனரா? அப்பாவை அழைத்து வா” என்ற ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. என்னைப் போன்றவர்களின் பேனாவிலும் இருக்கிறது.

அந்த வாக்கியத்தில் “அப்பாவை” என்ற சொல்லே ஒரு பெரிய வழக்காயிற்று. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் பாங்கின் பத்திரங்கள் வாங்க, தாமே காப்பாளராகக் கையொப்பமிட்டு விண்ணப்பித்தார். தகப்பனாரின் கையொப்பம் வேண்டும், இல்லையேல் காப்பாளர் சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1999-இல் தீர்ப்பாயிற்று. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டத்தில், தகப்பனுக்குப் “பின்” தாய் என்று இருப்பதைத் தகப்பன் இறந்த பின் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாய் இயற்கைக் காப்பாளரே என்று நீதிபதிகள் பொருள் கொண்டனர். நம் பகுதியில் தகப்பன்மார் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றிருக்க, தாய்மாரே வீட்டையும் வயலையும் நடத்துகின்றனர். பூக்கட்டும் பெண்ணோ, சுங்குடிப் புடைவைக்கு முடிச்சிடும் பெண்ணோ தன் பெயரில் கணக்குக் கேட்டால், தாயின் கையொப்பம் போதாது என்று எவரும் திருப்பி அனுப்பக்கூடாது.

ரிசர்வ் பாங்கும் சும்மா இருக்கவில்லை. பத்து வயதிற்கு மேற்பட்ட மைனர் தாமே சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று 2014 மே மாதத்தில் சொல்லிற்று. 2025 ஏப்ரல் 21-ஆம் தேதிய உத்தரவில் அதை இன்னும் விளக்கமாக வகுத்தது. எவ்வயது மைனரும் தாய் அல்லது தகப்பனைக் காப்பாளராகக் கொண்டு கணக்குத் தொடங்கலாம். பத்து வயது நிரம்பியவர் விரும்பினால் தாமே சேமிப்புக் கணக்கும் வைப்புத்தொகைக் கணக்கும் நடத்தலாம். தொகை வரம்பைப் பாங்கு தன் கொள்கைப்படி நிர்ணயிக்கலாம். ஏடிஎம் அட்டையும் காசோலைப் புத்தகமும்கூடக் கொடுக்கலாம். ஆனால் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க விடக்கூடாது. மேஜரானதும் புதிய மாதிரிக் கையொப்பம் வாங்க வேண்டும். வணிகப் பாங்குகளோடு நகரக் கூட்டுறவு பாங்குகளும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்குகளும், மாநிலக் கூட்டுறவு பாங்கும் இதற்குக் கட்டுப்பட்டவை. 2025 ஜூலை 1-ஆம் தேதிக்குள் கொள்கைகளை இதற்கிசையத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கெடுவும் வைக்கப்பட்டது.

இதில் இரண்டு குறைகள் எனக்குத் தோன்றுகின்றன. கிராமத்துச் சங்கம் பாங்கு அன்று என்பதால் இந்த உத்தரவு அதன் வாசலோடு நின்றுவிடுகிறது. ஊரிலிருந்து பையன் நடந்து போகக்கூடிய இடமோ சங்கம்தான். இரண்டாவது, உத்தரவு சேமிப்புக் கணக்கைப் பற்றியது. வியாபாரம் வளர்ந்து நாளொன்றுக்கு இருபது பேர் பணம் அனுப்பத் தொடங்கினால், சேமிப்புக் கணக்கில் வியாபாரம் செய்யாதே என்பார்கள். நடப்புக் கணக்குக் கேட்டால், வயது வரட்டும் என்பார்கள். கடை வாசலில் மாட்டும் க்யூஆர் அட்டை தகப்பன் பெயரில் வரும். பணமும் அங்கேயே போகும். அடுப்பு ஒன்றாக இருக்கலாம். கணக்கு ஒன்றாக இருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வருமானவரிச் சட்டமே, மைனரின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கச் சொல்லும் இடத்தில், அவன் தன் கையுழைப்பாலும் திறமையாலும் ஈட்டியதை மட்டும் சேர்க்க வேண்டாமென்று விலக்கி வைத்திருக்கிறது. வரி வாங்கும் சர்க்காருக்குத் தெரிந்த இந்த வேறுபாடு எங்கள் சங்கத்துக் குமாஸ்தாவுக்குத் தெரியாமல் போயிற்று.

வயதைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு இருப்பதையும் சொல்ல வேண்டும். பாங்குக் கணக்கிற்குப் பத்து. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திற்குப் பதினெட்டு. மாநிலத்தின் ‘நீட்ஸ்’ திட்டத்திற்கு இருபத்தொன்று. 2025-இல் தொடங்கப்பெற்ற கலைஞர் கைவினைத் திட்டத்திற்கு முப்பத்தைந்து. கடைசியாகச் சொன்ன எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 2023-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குறைந்த வயது பதினெட்டு. படிக்க வேண்டிய பிள்ளையைக் குடும்பத் தொழிலுக்கே இழுக்கும் ஏற்பாடு இது என்று தமிழ்நாடு மறுத்து, தன் திட்டத்திற்கு முப்பத்தைந்தை வைத்தது. 1953-இல் வந்து 1954-இல் கைவிடப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டத்தை மறவாதவர்களுக்கு இந்த அச்சம் விளங்கும். அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் நாற்று வளர்த்த பையனின் தகப்பனாருக்கு நாற்றுத் தொழில் தெரியாது. அவன் தானே கண்டுபிடித்த தொழில் அது. குலத்தொழிலைத் தடுக்கப் போட்ட வேலி, தன் தொழிலைத் தேடும் பிள்ளையின் வழியில் நிற்கலாகாது. வேலி கடனுக்கு இருக்கட்டும். சேமிப்புக்கும் கணக்குக்கும் வேண்டியதில்லை.

இன்னோர் அச்சம் எனக்கே உண்டு. “பிள்ளையின் சொந்தத் தொழில்” என்ற பெயரில் பிள்ளையின் உழைப்பைச் சுரண்டுவோர் வரக்கூடும். முன்பணத்திற்குப் பிள்ளைகளைத் தறியில் வைத்த காலம் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் நெடுநாள் இருந்தது. பதினான்கு வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது, பதினெட்டு வரை அபாயமான தொழிலில் அமர்த்தலாகாது என்பதே 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு, அதுவும் அபாயமற்றதாயின், விலக்கு உண்டு. இதற்கும் பழைய சட்டம் ஒன்று வந்தது. 1933-இல் இயற்றப்பெற்ற அச்சட்டம், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பெற்றோர் முன்பணத்திற்கு ஈடாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவன் உழைப்பை எவரும் அடகு வைக்கவில்லை. வயதும் பதினைந்தைத் தாண்டிவிட்டது. ஆயினும் அவன் உழைத்த காசு தகப்பன் கடனுக்குப் போயிற்று; போகச் செய்தது ஒரு கூட்டுறவு ஸ்தாபனம். பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கு இருப்பதே சுரண்டலைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி என்று இப்பொழுது நம்புகிறேன். உழைப்பு அவனுடையதாகவும் வரவு வேறொருவருடையதாகவும் இருந்தால், தணிக்கையில் அது கண்ணில் படும்.

பிற நாடுகளில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஜெர்மானியச் சிவில் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, நீதிமன்றத்தின் ஒப்புதலோடு காப்பாளர் மைனருக்குத் தொழில் நடத்த அனுமதி கொடுத்தால், அத்தொழிலைச் சார்ந்த காரியங்களில் அவர் மேஜரைப் போலவே நடந்துகொள்ளலாம் என்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980-களிலிருந்து பதின்வயதினர் கோடை விடுமுறையில் சேர்ந்து இளைஞர் கூட்டுறவு நடத்துகிறார்கள். புல்வெட்டுவதும் வீடு துடைப்பதும் வேலை. கமிட்டியும் கணக்கும் இலாபப் பங்கீடும் அவர்களுடையவை. ஊர்ப் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தின் 1969-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம், பள்ளி கல்லூரி மாணவர்களுக்கென்றே அமைந்த சங்கத்தில் சேர்வோருக்கு அந்த ஒப்பந்தத் தகுதி வேண்டியதில்லை என்று விலக்களித்திருக்கிறது. நம் பள்ளிகளில் நடந்த மாணவர் பண்டகசாலையும், சஞ்சாயிகா சேமிப்பும் மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். பென்சிலும் நோட்டும் விற்று ஆண்டு முடிவில் நாலணாப் பங்காதாயம் வாங்கியவர்கள் இன்று நம் கமிட்டிகளில் இருக்கிறார்கள். வழி இல்லாதபோது பிள்ளைகள் வேறு வாசல் தேடுவார்கள் என்பதற்குப் பெங்களூர் சுகாஸ் கோபிநாத் சாட்சி. 2000-ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், கம்பெனி தொடங்க முனைந்தார். நம் நாட்டுச் சட்டம் இடம் கொடாமையால் அமெரிக்காவில் பதிவு செய்தார். நாற்றுத் தட்டை யாரும் கலிபோர்னியாவில் பதிவு செய்ய இயலாது.

என் கோரிக்கை இதுதான். சங்கங்கள் தத்தம் துணைவிதிகளைப் பார்த்து, அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரிலேயே வைப்புக் கணக்கு நடத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். தாயோ தகப்பனோ ஒரு முறை கையொப்பமிட்டால் போதும். அக்கணக்கிலிருந்து எவருடைய கடனுக்கும் ஈடு செய்யக்கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். கடன் வேண்டாம், பங்கு வேண்டாம், ஓட்டு வேண்டாம். சரக்கைப் பெற்றோர் பெயரில் விற்றாலும் பிள்ளையின் வரவு செலவுக்குத் தனி ஏடு ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். காரியதரிசி மாதமொரு முறை அதில் கையொப்பமிடட்டும். பதினெட்டு நிரம்பிய அன்று அவன் அங்கத்தினர் விண்ணப்பத்தோடு அந்த ஏட்டையும் கொண்டுவந்தால், நிலமோ ஜாமீனோ இல்லாத ஒருவனின் நாணயத்தை எடைபோட அதைவிட நல்ல பத்திரம் எந்தக் கமிட்டிக்குக் கிடைக்கும்? முதற்கடன் சிறியதாகவே இருக்கட்டும். ஈராண்டு ஏட்டை வைத்துத் தீர்மானிக்கப்படட்டும். நெசவாளர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். இது தறியில் பிள்ளையை உட்கார வைப்பதற்கன்று. பையோ, புடைவைக் குஞ்சமோ, புதிய பார்டர்ச் சித்திரமோ அவர்கள் தாமே செய்து விற்கும்போது பயன்படும்.

அந்தப் பையனின் கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். என் குறிப்பை நானே திருத்தி, “தொகை மைனருக்குரியது, தகப்பனாரின் கடனுக்கு வரவு வைத்தது செல்லாது, மைனர் பெயரிலேயே, காப்பாளர் கையொப்பத்துடன் திரும்ப வைக்க” என்று எழுதினேன். கமிட்டி கூடித் தீர்மானித்துப் பணம் திரும்பி வருவதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. விவசாயிகள் வேறிடத்தில் நாற்று வாங்கி நட்டுவிட்டார்கள். அவ்வாண்டு ஆடியில் அவன் குடில் காலியாகக் கிடந்தது. தகப்பனார் தம் வட்டியைப் பருத்தி விற்றுக் கட்டினார். வரும் மாதம் பையனுக்குப் பதினெட்டு நிரம்புகிறது. அங்கத்தினர் விண்ணப்பமும், அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துத் தட்டு வாங்க 25,000 ரூபாய்க் கடன் கேட்ட மனுவும் காரியதரிசியின் மேஜையில் இருக்கின்றன. இம்முறை பார்வைக் குறிப்பை எழுதுமுன் அந்த நோட்டைப் படித்துப் பார்க்க நான் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.